கொற்கையில் கிளம்பாத வண்டி

கொற்கைக் குளம் வற்றிவிட்டால் அதைவிட நல்ல விமான நிலையம் இந்தப் பக்கம் கிடையாது. தூத்துக்குடி விமான நிலையத்தை வைத்திருக்கிற வாகைக்குளத்துக்காரர்கள் மன்னிக்க. போன கோடையில் 26 சிசி பெட்ரோல் எஞ்சின் மாட்டிய என் மாடல் விமானத்தை அங்கே வைத்துக்கொண்டு அரை மணி நேரம் காத்தாடியைச் சுண்டிச் சுண்டி நின்றேன். சோக்கை மூடினேன், திறந்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். கார்புரேட்டரைக் கெஞ்சினேன். சுற்றி நின்ற பொடிசுகளில் ஒன்று கேட்டது: "அண்ணாச்சி, கப்பல் எப்ப கெளம்பும்?"

கேட்கத் தகுதியுள்ள ஊர்தான். பாண்டியர் காலத்தில் முத்து கப்பலேறிய துறைமுகம் இது. தாமிரபரணி வண்டலைக் கொட்டிக் கொட்டி, கடல் வீட்டைக் காலி செய்து கிழக்கே ஆறேழு கிலோமீட்டர் தள்ளிக் குடிபோய்விட்டது. கடலே கிளம்பிப் போன ஊரில் என் எஞ்சினுக்கு மட்டும் கிளம்ப மனசில்லை.

எனக்கு வெட்கமில்லை. இந்த விஷயத்தில் என்னைவிடப் பெரிய தலைகள் மூக்குடைபட்டிருக்கின்றன.

முதல் தலை சாமுவேல் லாங்லி. வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர், வானியல் புலி. அவருடைய கால்வாசி அளவு மாடல் 1901 ஜூனில் பெட்ரோல் எஞ்சினில் பறந்தது. ஆள் ஏறவில்லை, ஆனால் பறந்தது. மனுசன் அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ராணுவம் 50,000 டாலர் கொடுத்துத் தொலைத்திருந்ததே! சர்க்கார் காசு வாங்கினால் பெரிசாகத்தானே செய்து காட்ட வேண்டும்? ஒரு படகின் கூரையில் கவண் மாதிரி ஒன்றைக் கட்டி, 52 குதிரைசக்தி எஞ்சினையும் சார்லஸ் மான்லி என்கிற பாவப்பட்ட உதவியாளரையும் ஏற்றி, 1903 அக்டோபர் 7 அன்று விட்டெறிந்தார்கள். நேரே பொட்டோமாக் ஆறு. தலையைத் துவட்டிக்கொண்டு டிசம்பர் 8 அன்று மான்லி மறுபடியும் ஏறினார். மறுபடியும் ஆறு. லாங்லி ஏறவில்லை, செயலாளர் அல்லவா. ஒன்பதே நாளில், சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் சுமார் 12 குதிரைசக்தியை வைத்துக்கொண்டு பறந்துவிட்டார்கள்.

விடுவார்களா ஸ்மித்சோனியன்காரர்கள்? கோயில் கொடையில் முதல் மரியாதைக்கு மல்லுக்கட்டுகிற மாதிரி, பறக்கும் தகுதி முதலில் எங்கள் ஆள் விமானத்துக்குத்தான் என்று 1942 வரை நின்றார்கள். ஆர்வில் ரைட் முறுக்கிக்கொண்டு தன் விமானத்தை 1928இல் லண்டனுக்கு அனுப்பிவிட்டார். 1948 கடைசியில் அது ஊர் திரும்பியபோது பார்க்க அவர் இல்லை. அந்த ஜனவரியிலேயே கண்ணை மூடியிருந்தார்.

நம்ம பக்கத்திலும் ஒரு ஆள் உண்டு. மெட்ராஸ் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி ஏஞ்சலிஸ் என்ற கோர்சிகாக்காரர். பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய மறு வருஷமே, குதிரை வண்டி கட்டிப் பேர் வாங்கிய சிம்ப்சன் கம்பெனியில் தனக்கொரு விமானம் செய்துகொண்டார். சின்ன எஞ்சின்தான். 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். பிறகு தீவுத்திடலில் டிக்கெட் போட்டு ஜனங்களுக்குக் காட்டினார். ஓட்டல்காரர் மூளை! லாங்லிக்கு இந்தப் புத்தி இருந்திருந்தால், ஆற்றில் விழுந்ததையே இரண்டு காட்சி ஓட்டியிருக்கலாம்.

என்னுடையது மாதிரிக் குட்டி விமானங்களை ரேடியோவில் ஓட்டுகிற வித்தையைத் தொழிற்சாலைச் சரக்காக்கியவர்களில் ஒருவர் சினிமாக்காரர். ரெஜினால்ட் டென்னி என்ற நடிகர் ஹாலிவுட்டில் மாடல் விமானக் கடை வைத்து, கடைசியில் ராணுவம் சுட்டுப் பழகுவதற்கான குட்டி விமானங்களை ஆயிரக்கணக்கில் செய்து கொடுத்தார். 1945இல் அந்த ரேடியோபிளேன் தொழிற்சாலைக்கு ஒரு புகைப்படக்காரரை அனுப்பிய ராணுவ அதிகாரியின் பெயர் ரொனால்ட் ரீகன். அங்கே காத்தாடியும் கையுமாகச் சிக்கிய தொழிலாளிப் பெண் நார்மா ஜீன், பிற்பாடு மர்லின் மன்றோ. அவர்களுக்கெல்லாம் இந்தச் சின்ன எஞ்சின் என்னென்னவோ கொடுத்திருக்கிறது. எனக்குக் கொடுத்தது ஆள்காட்டி விரலில் ஒரு வீக்கம்.

நாங்கள் ஓட்டும் பெட்ரோல் எஞ்சினுக்குத் தாய்வீடு மரம் அறுக்கும் மெஷினும் புல் வெட்டும் மெஷினும்தான். ஏரல் பக்கத்து வாழைத் தோட்டங்களில் முதுகில் மாட்டி மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயர் இதற்குச் சித்தப்பா மகன். அந்த உறவுமுறை தெரிந்த பையன் ஒருத்தன் கூட்டத்தில் இருந்தான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கீழிருந்து மேலே ஒருதரம் பார்த்தான்.

"அண்ணாச்சி, இதுக்கு சுவிட்சு கிடையாதா?"

இருந்தது. இக்னிஷன் பேட்டரியின் சுவிட்சு, அரை மணி நேரமாக அணைந்தே இருந்தது. போட்டுவிட்டு இரண்டு சுண்டு. பிடித்துக்கொண்டது.

ஆகவே ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி டூ-டி ஆயில் கலந்துகொள்ளுங்கள், கைக்குத் தடிமனான உறை போட்டுக்கொள்ளுங்கள், வாழைத் தோட்டத்துப் பையன் ஒருத்தனைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள்.