வெயில் கேள்விகள், உப்புக்காற்றுப் பதில்கள்

கேள்வி: கத்திரி வெயில் வேலூர்க்காரர்களுக்குத்தானே? கடற்காற்று வாங்கும் தூத்துக்குடிக்கு என்ன கவலை?
– வாசகர், புதிய துறைமுகம்

பதில்: வேலூரில் வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். தூத்துக்குடியில் அது சட்டையோடு குடித்தனமே நடத்தும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரையில் அது வழிந்தோடிவிடுகிறது. நீரும் உப்பும் போகின்றன, சூடு இறங்குவதில்லை. தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் இடையிடையே குடித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஊர் இது. நீராகாரத்தில் சின்ன வெங்காயமும் கல் உப்பும் சேர்த்துக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிய பழக்கத்தை மறந்தவர்கள் மீண்டும் தொடங்கலாம். சோற்றில் ஊற்றும் தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும்.

கேள்வி: முத்துக்குளித்தவர்கள் இதே வெயிலில்தானே கடலில் இறங்கினார்கள்? இன்று மட்டும் ஏன் இத்தனை எச்சரிக்கை?
– வாசகர், திரேஸ்புரம்

பதில்: இதே பருவத்தில்தான் இறங்கினார்கள். இந்தக் கடலின் முத்துக்குளிப்பு ஏப்ரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை நடப்பதாக 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். இரண்டு பருவக்காற்றுகளுக்கும் நடுவே கடல் அடங்கிக் கிடக்கும் நாட்கள் அவை. ஆனால் குளியாளியின் உடம்புச் சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொண்டது. அவருக்கு வந்த ஆபத்துகள் வேறு. 1961-க்குப் பின் இங்கே பெரிய முத்துக்குளிப்பே நடக்கவில்லை. இன்று இந்த ஊரின் வெயிலை முழுசாக வாங்குகிறவர் உப்பளத்தில் நிற்பவர்தான்.

கேள்வி: பதனீர் இயற்கைதானே, சர்க்கரை நோயாளி தாராளமாகக் குடிக்கலாம் அல்லவா?
– வாசகி, உடன்குடி

பதில்: தாராளம் கூடாது, அம்மா. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தக் கருப்பட்டி இந்தப் பதனீரைக் காய்ச்சித்தான் வருகிறது. பதனீரில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. ஒரு பெரிய தம்ளர் குடித்தால் ஐந்தாறு தேக்கரண்டி சர்க்கரை உள்ளே போய்விடும். கருப்பட்டிக் காப்பி சர்க்கரையை ஏற்றாது என்பதும் ஆறுதலுக்குச் சொல்வதுதான்.

மற்றவர்களுக்குப் பதனீர் வரம். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசிப் பாளையில் கட்டுகிறார்கள். அதுதான் புளிப்பைத் தடுக்கிறது. காலையில் இறக்கியதை ஓலைப் பட்டையில் ஊற்றி, நுங்கைத் தோண்டிப் போட்டுக் குடிக்க வேண்டும். பகல் ஏறி, நுரைத்து, புளிப்பு வாடை அடித்தால் வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு அளவோடு இளநுங்கு போதும்.

கேள்வி: உடல் சூடு தணிய வாரந்தோறும் நிலாவரைப் பொடி சாப்பிடச் சொல்கிறார்கள். சரியா?
– வாசகர், விளாத்திகுளம்

பதில்: உங்கள் பக்கத்து மானாவாரி நிலத்தில் விளைந்து, தூத்துக்குடி வழியே கப்பலேறி, உலகச் சந்தையில் ‘திருநெல்வேலி சென்னா’ என்று பெயர் வாங்கிய இலை அது. மலச்சிக்கலுக்குச் சில நாட்கள் எடுத்துக்கொள்ள நல்ல மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா உண்டு. ஆனால் வியர்வையில் ஏற்கெனவே நீரை இழக்கும் மாதத்தில் பேதி வேறு ஆனால் நீரோடு பொட்டாசியமும் போகும். அது சூட்டைத் தணிக்காது, ஆளைத்தான் தளர்த்தும். மூலிகையில் நம்பிக்கை இருந்தால் பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள்.

கேள்வி: தடைக்காலத்தில் மீனை விட்டுவிடலாமா?
– வாசகர், தருவைகுளம்

பதில்: ஏன் விட வேண்டும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகில் வரும் சாளை போதும். சூரை வாங்கும்போது மட்டும் ஐஸ் இருக்கிறதா பாருங்கள். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் வந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

கேள்வி: அக்கா உப்பளத்தில் வேலை பார்க்கிறாள். என்ன கொடுத்தனுப்பலாம்?
– வாசகி, முத்தையாபுரம்

பதில்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலராவிலிருந்து பலரைக் காப்பாற்ற டாக்டர் திலீப் மகாலனாபிஸ் கையாண்டதும் சர்க்கரையும் உப்பும் கரைத்த நீர்தான். வியர்த்துக் கொட்டும் நாளில் வெறும் தண்ணீரோடு இதையும் குடிக்கட்டும். ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு. தோல் கொதித்து, பேச்சுக் குழறினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து விசிறி, 108-ஐ அழையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

இன்னொன்று உங்கள் அக்காவின் கையில் இல்லை. ஒதுங்க இடமில்லாத அளத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்கவே பயப்படுவார்கள். எத்தனை பாட்டில் கொடுத்தனுப்பினாலும் அது அப்படியே வீடு திரும்பும். உப்பள உரிமையாளர்களே, பாத்திக்கு அருகில் ஒரு நிழற்கொட்டகையும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பறையும் இந்தக் கத்திரி முடிவதற்குள் அமைத்துக் கொடுங்கள்.