பெருசு வருது, வழி விடு

தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்தினால் மரியாதை கூடும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். நரைதான் கூடியது. டீக்கடை பெஞ்சில் கொஞ்சம் அகலமாக உட்கார்ந்துவிட்டேனாம், மீசை அரும்பாத ஒரு பயல், "பெருசு, அப்படி நகரு" என்கிறான். நகர்ந்தேன். வேறென்ன செய்ய?

வயசைச் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, திணையை மாற்றியதில்தான். 'பெரிது' பேச்சில் 'பெரிசு' ஆகி, பிறகு 'பெருசு' ஆயிற்று. அது பூசணிக்காயைப் பார்த்துச் சொல்ல வேண்டிய அஃறிணைச் சொல். 'பெரியவர்' என்றால் "வாங்க, உட்காருங்க" எல்லாம் கூடவே வரும். பெருசு என்றாலோ வினைமுற்றும் சேர்ந்து இறங்கிவிடும். பெருசு வருது, பெருசு தூங்குது, பெருசுக்குக் காது கேக்காது. (நன்றாகவே கேட்கும். அதுதான் சங்கடம்.) சிறுசு, பொடுசு எல்லாம் இதே வார்ப்புதான், ஆனால் அங்கே கொஞ்சல் இருக்கிறது.

வீட்டில் வந்து புலம்பினால், "பின்னே, கிழவன்னா கூப்பிடணும்?" என்றாள் மனைவி.

விடுவேனா? கிழமை என்றால் உரிமை என்று பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. நிலத்துக்கு உரியவர் நிலக்கிழார். புறநானூற்றில் பாட்டு எழுதிய கோவூர் கிழார், பெரியபுராணம் பாடிய சேக்கிழார், யாரும் தள்ளாமையால் அந்தப் பெயர் வாங்கவில்லை. தொல்காப்பியத்திலோ கிழவன் என்றால் தலைவன்! தடி ஊன்றி நடப்பவன் இல்லை, களவிலும் கற்பிலும் காதல் செய்கிறவன். இந்த இடத்தில் குரலைச் சற்றுக் கம்பீரமாக்கிக்கொண்டு, "அதாவது, இந்த வீட்டுக்கே ஓனர்" என்று முடித்தேன்.

அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பத்திரம் யார் பேர்ல இருக்கு?"

அவள் பேரில்தான்.

"சரி, கிழவன்னா ஓனர். பொம்பளைக்கு என்ன சொல்லுவாங்க?"

"கிழத்தி" என்றேன், நாலடி தள்ளி நின்று.

முறைத்தாள். அது தலைவியைக் குறிக்கும் சொல், உரிமைக்காரி என்று பொருள், தொல்காப்பியரே சொல்கிறார் என்று அவசர அவசரமாக விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். முகம் மெல்லத் தெளிந்தது. பிறகு முறத்தை என் பக்கம் தள்ளினாள்.

"ஓனர் சொல்றேன். காம்பு இல்லாம உருவுங்க."