தாமதக் கட்டத்தில் இன்னொரு பெயர்

பெறுநர்: உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள், கடன் தகவல் நிறுவனம்

பொருள்: என் ரிப்போர்ட்டில் ஒரு கட்டம் கூடுதலாகக் கேட்டு விண்ணப்பம்

ஐயா,

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகம் கடைந்து கொடுக்கும் பட்டறைக்காரன் எழுதுவது. தாங்கள் தந்த என் கம்பெனி ரிப்போர்ட் கிடைத்தது. சிஎன்சி மெஷின் லோனில் ஒரு தவணை 34 நாள் தாமதம். 30 நாள் தாண்டியதற்கு வங்கி சூட்டிய 'எஸ்எம்ஏ-1' பட்டத்தையும் மறக்காமல் அச்சிட்டிருக்கிறீர்கள். 90 தாண்டியிருந்தால் வாராக்கடன் என்றே பெயர் வைத்திருப்பார்களாம், தப்பித்தேன். ரிப்போர்ட்டில் என் ரேங்க் 4-லிருந்து 7-க்கு இறங்கிவிட்டது. பத்துக்குள் ரேங்க் வாங்கியும் வங்கி மேனேஜர் முகம் சுளிக்கிற பரீட்சை உலகத்தில் இது ஒன்றுதான்.

ரிப்போர்ட்டில் தப்பிருந்து, புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது. என் போதாத காலம், தங்கள் கணக்கில் ஒரு நாள்கூடப் பிசகில்லை.

அந்த 34 நாளும் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? சரக்கு வாங்கிய பெரிய கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் வாசலில். "பில் பாஸ் ஆயிருச்சுங்க, சார் கையெழுத்துதான் பாக்கி, வெள்ளிக்கிழமை வாங்க" என்றார் அங்கிருந்த தம்பி. எந்த வெள்ளி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது.

2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி அவர்கள் அதிகபட்சம் 45 நாளில் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வட்டி கேட்ட பட்டறைக்காரர் யாரையும் நான் பார்த்ததில்லை. பிறகு வருமான வரியிலும் பிடி வைத்தார்கள்: சிறு தொழிலுக்குக் கெடு தவறினால், பணம் தரும் ஆண்டில்தான் அந்தச் செலவைக் கழிக்கலாம். உடனே சரக்கு வாங்கிய எங்கள் பார்ட்டி அன்பாக ஒரு யோசனை சொன்னார்: "சிறு தொழில்னு காட்டற உங்க உத்யம் சர்ட்டிபிகேட்டை கேன்சல் பண்ணிருங்களேன்."

அவர் வங்கித் தவணையில் ஒரு நாள் தவறியதில்லை. எப்படித் தவறுவார், என் பணமும் சேர்த்தல்லவா அங்கே போகிறது! தங்களுக்குத் தகவல் தருவது கடன் கொடுத்த நிறுவனங்கள். நானும் அவருக்கு மாதக்கணக்கில் கடன் கொடுத்தவன்தான், வட்டியில்லாமல். எனக்கு மட்டும் தங்களிடம் நாற்காலி இல்லை.

ஆகவே, 34 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'யாரால்' என்று ஒரு கட்டம் போட்டுத் தரவும். பர்ச்சேஸ் ஆர்டர், டெலிவரி சலான், கேட் சீல் எல்லாம் கைவசம் இருக்கின்றன. ஸ்கேன் பண்ணி அனுப்பட்டுமா, நேரில் கொண்டு வரட்டுமா? வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
ரேங்க் 7