சிவப்பு விளக்கும் சின்ன மாப்பிள்ளையும்

வாங்க மாப்பிள்ளே, திண்ணையில உக்காருங்க. போர்வண்டி ஓனருக்கு மாமன் வீட்டு வழி ஞாபகம் வருதுன்னா வண்டி எங்கியோ படுத்திருக்கோணும். மோரு குடிச்சுட்டுச் சொல்லுங்க.

கம்ப்ரசர் எஞ்சின் ஓட்டத்துலயே அணையுது, ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பா எரியுது. அதுக்கு நீங்க பண்ணின வைத்தியத்தையும் கேள்விப்பட்டேன். ஆயில் ஸ்விட்சுக்குப் போற ரெண்டு ஒயரையும் முறுக்கி, மேல டேப்பும் சுத்தீட்டீங்களாமே! நாய் குரைக்குதுன்னு நாயைக் கொன்னுட்டு நிம்மதியாத் தூங்கற ஆளுங்க நீங்க. ஊருக்கு ஊர் ரிக் அனுப்பற திருச்செங்கோட்டுல பொறந்துட்டு இதைப் பண்ணலாமுங்களா?

உங்க அவசரம் எனக்கும் புரியுதுங்க. குழிக்குள்ள ஹேமர் அடிச்சுட்டிருக்கையில எஞ்சின் நின்னா காத்து நிக்கும். மேல வந்துட்டிருந்த கல்லுத்தூள் எல்லாம் திரும்பி இறங்கி ஹேமர் மேல உக்காந்துக்கும். அப்பறம் பைப்பை உருவறது உங்க பாடு. அதனால அணையவே கூடாதுன்னு ரோசனை பண்ணீருக்கீங்க. ஆயில் இல்லாத எஞ்சின் பேரிங் பிடிச்சு நின்னாலும் ஹேமர் குழிக்குள்ளதானுங்க இருக்கும். அப்ப ரெண்டு செலவு.

ஒயரை முறுக்கினதுக்கு அப்பறமும் அணையுதுங்கறீங்க பாருங்க, அதுல ஒரு சேதி இருக்குது. உங்க எஞ்சின்ல டீசலைத் திறந்து வெக்கறது ஒரு சோலனாய்டு. கரண்டு இருக்கற வரைக்கும் திறந்திருக்கும், கரண்டு போனா மூடிக்கும். ஆயில் பிரஷர் விழுந்தா ஸ்விட்சு அந்தக் கரண்டை வெட்டும். ஸ்விட்சை நீங்களே ஊமையாக்கிட்டீங்க, ஆனாலும் எஞ்சின் அணையுது. அப்படின்னா வெட்டறது அந்த ஸ்விட்சு இல்லீங்க.

“விளக்கு எரியுதே மாமா”ங்கறீங்க. எஞ்சின் நின்னா ஆயில் பம்பும் நிக்கும், பிரஷர் சைபராகும், விளக்கு எரியத்தான் செய்யும். விளக்கு எரிஞ்சு எஞ்சின் நின்னுதா, எஞ்சின் நின்னதால விளக்கு எரிஞ்சுதா? ரெண்டுல எது முன்னாலன்னு கண்ணால பாத்த ஆளு யாருங்க? டிரைவர் போன்ல இருந்தான், நீங்க டீக்கடையில இருந்தீங்க.

முன்னாடி ஆயில் குச்சியை உருவுங்க. ஜாக்கி மட்டமா நிக்கையில பாக்கோணும், சாய்ஞ்சு நின்னா குச்சி பொய் சொல்லும். அளவு குறைஞ்சா ஊத்துவீங்க, அது சரி. ஏறியிருந்தா “ஆஹா, வண்டி ஆயிலே குடிக்கறதில்லை”ன்னு பெருமைப்படாதீங்க, டீசல் உள்ள இறங்குது. பேப்பர்ல ஒரு சொட்டு விட்டு வெச்சா நடுவுல கறுப்பும் ஓரத்துல டீசல் வளையமும் தெரியும். பாலூத்துன காப்பி நிறத்துல இருந்தா தண்ணி. ரெண்டுல எதுவா இருந்தாலும் செல்ஃப் அடிக்காதீங்க, அங்கியே நிறுத்துங்க.

குச்சி சரியா இருந்தா ஆயில் வழியில நல்ல கேஜ் ஒண்ணை மாட்டுங்க. டேஷ்போர்டு முள்ளை நம்பாதீங்க. சோலனாய்டு ஒயர்ல டெஸ்ட் லேம்பு ஒண்ணு. ரெண்டையும் பாத்துட்டே ஒருத்தன் நிக்கோணும், அவன் போனைப் பிடுங்கி வெச்சுக்குங்க. கேஜ் முள்ளு இறங்காம நிக்கையிலயே லேம்பு அணைஞ்சா ஆயில் மேல குத்தமில்லை. ஹீட் ஸ்விட்சு, ரிலே, எர்த், ஹேமர் அதிர்வுல உள்ளுக்குள்ள அறுந்த ஒயர்னு தேடுங்க. லேம்பு எரிஞ்சுட்டே எஞ்சின் செத்தா சோலனாய்டு, இல்லைன்னா டீசல் ஃபில்டர், காத்து இழுக்கற பைப்பு. சோலனாய்டுக்குள்ள இழுக்க ஒரு சுருள், பிடிச்சு வெக்க ஒரு சுருள். பிடிக்கறது போச்சுன்னா கிளம்பின சுருக்குல அணையும். பழி ஆயிலுக்கு வரும்.

முள்ளே முதல்ல இறங்கினா கதை வேறங்க. பம்பு ஆயிலைத் தள்ளும், பேரிங் இடுக்கு தடுக்கும். அந்த இழுபறிதான் பிரஷர். இடுக்கு தேய்ஞ்சு அகண்டா, எஞ்சின் ஆறியிருக்கையில நல்லா இருக்கற முள்ளு சூடானதும் படுத்துக்கும். சூட்டுல 1000 சுத்துக்கு 10 பவுண்டாவது வேணும்னு பழைய மேஸ்திரிக கணக்கு. உங்க எஞ்சின் புத்தகத்துல போட்டிருக்கறதைப் பாருங்க, அதுதான் தீர்ப்பு. கெட்டி ஆயில் ஊத்தி முள்ளைத் தூக்கி நிறுத்தறது பழைய வண்டி விக்கற யாவாரி வேலை. உங்களுக்கு வித்தவனும் அதைத்தான் பண்ணினானோ என்னமோ.

எடுத்ததும் பேரிங்குக்கு ஓடாதீங்க. ரிலீஃப் வால்வுல அழுக்கு சிக்கித் திறந்தே நின்னாலும், சம்ப்புக்குள்ள ஸ்ட்ரெய்னர் அடைச்சாலும், சக்‌ஷன் பைப்பு வெடிச்சுக் காத்து இழுத்தாலும் முள்ளு இறங்கும். ஃபில்டரை மாத்துனா சரியாயிடும்னு பட்டறைப் பையன் சொல்லுவான். அது அடைச்சாலும் பைபாஸ் திறந்து ஆயில் போகும், வடிகட்டாம போகும், அம்புட்டுத்தான். ஆனா பழைய ஃபில்டரை எறியாதீங்க. அறுத்து, மடிப்பை விரிச்சு வெய்யில்ல காட்டுங்க. செம்பு நிறத்துல மினுக்குற பொடி, காந்தத்துல ஒட்டாம இருந்துதுன்னா மேல்பூச்சுத் தேய்ஞ்சு பேரிங் உள்செம்பு தெரிய ஆரம்பிச்சாச்சு.

அந்த ஒயர் முறுக்கை இன்னைக்கே பிரிச்சுடுங்க. சம்ப்பை இறக்கறதா இருந்தா கேஸ்கெட் வாங்கிட்டே போங்க. பேரிங் கேப்பைத் திறந்தா டார்க் ரெஞ்சும் வேணும், கைக்கணக்குல முறுக்கப்படாது. என்னுது போன ஐப்பசியில நீங்க வாங்கிட்டுப் போனதுதானுங்க மாப்பிள்ளே, தேடிப் பாருங்க, உங்க வண்டி டூல் பாக்ஸ்லதான் கிடக்கும்.