ஊறினால்தான் சியா!

கேள்வி: சியா விதையும் சப்ஜா விதையும் ஒன்றுதானே? நன்னாரி சர்பத்தில் மிதப்பதைத்தான் பெயர் மாற்றி, விலை ஏற்றி விற்கிறார்களா? (மதுரை வாசகி)

பங்காளிகள், ஆனால் ஒரே ஆள் இல்லை. இரண்டுமே துளசிக் குடும்பம். சப்ஜா நம் திருநீற்றுப்பச்சிலையின் விதை. சியா பிறந்த வீடு மெக்சிகோவும் குவாத்தமாலாவும். ஆளைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். சப்ஜா முழுக் கறுப்பு. போட்ட சில நிமிடங்களிலேயே ஒவ்வொரு விதையும் தன்னைச் சுற்றி வெண்மையாக ஒரு சட்டை மாட்டிக்கொண்டு தனித்தனியாக மிதக்கும். சியா சாம்பலும் பழுப்புமாகப் புள்ளி போட்டிருக்கும், நடுநடுவே வெள்ளை விதையும் தென்படும். அது ஊறக் கால் மணி, இருபது நிமிடம் எடுக்கும். ஊறியதும் டம்ளர் தண்ணீரையே கூழாக்கிவிடும். பொட்டலத்தில் சியா என்று எழுதி உள்ளே எல்லாமே கன்னங்கரேலென்று இருந்தால், கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பத்து வருஷத்துக்கு முன்னால் கேள்விப்படாத விதை இது. இவ்வளவு நாள் எங்கே இருந்தது? (தஞ்சாவூர்)

நமக்குத்தான் புதுசு. ஆஸ்டெக் மக்களுக்கு மக்காச்சோளத்தோடும் அவரை வகைகளோடும் சேர்த்து எண்ணப்பட்ட முதன்மை உணவு அது. அவர்களின் தலைநகரான டெனோச்டிட்லானுக்கு அடங்கிய ஊர்கள் சியாவையும் கப்பமாகக் கட்டின. ‘எண்ணெய்ப் பசையுள்ளது’ என்று பொருள்படும் நாவாட்டில் மொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர். 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் வந்த பிறகு பயிர் ஒடுங்கிப் போனது. ஆனாலும் சியாவும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த பானத்தை மெக்சிகோக்காரர்கள் விடவில்லை. இப்போது மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் கர்நாடகத்திலும் விளைகிறது. பக்கத்து மாநிலச் சரக்கு கிடைக்கும்போது, தொலைதூரத்திலிருந்து வந்தது என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

கேள்வி: அதில் அப்படி என்னதான் இருக்கிறது? (கரூர்)

முதலில் நார். ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 12 கிராம் சியாவில் 4 கிராம் நார், 2 கிராம் புரதம், 2 கிராம் தாவர ஒமேகா-3 கொழுப்பு இருக்கின்றன. கலோரி 60-க்குள். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராம் நாராவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு கப் வெள்ளைச் சோற்றில் 1 கிராம்கூடத் தேறாது. மூன்று வேளையும் வெள்ளை அரிசியிலேயே ஓடும் வீட்டுக்கு இந்த ஒரு கரண்டி பெரிய உதவி. மலச்சிக்கலோடு காலையில் மல்லுக்கட்டும் எத்தனையோ பேருக்கு நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

கேள்வி: சியா தண்ணீர் குடித்தால் தொப்பை கரையும் என்கிறார்களே? (கோவை வாசகர்)

கரையாது. அமெரிக்காவில் டேவிட் நீமன் குழுவினர் உடல் பருமன் உள்ளவர்களுக்கு 12 வாரம், தினமும் 50 கிராம் சியா கொடுத்துப் பார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். எடையில் மாற்றமே இல்லை. 2017-இல் கனடாவிலிருந்து வந்த ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தருகிறது: சர்க்கரை நோயும் பருமனும் உள்ளவர்கள் ஆறு மாதம் சாப்பாட்டு அளவைக் குறைத்து, கூடவே சியாவும் எடுத்தார்கள், சராசரியாக 1.9 கிலோ குறைந்தது. சியாவுக்குப் பதில் வேறு நார் எடுத்தவர்களுக்கு 0.3 கிலோ. ஆறு மாதத்துக்கு இரண்டு கிலோ, அதுவும் தட்டைச் சிறிதாக்கியவர்களுக்கு! வடையைத் தொடாமல் இருக்கச் சியா கைகொடுக்கும், வயிறு நிறைந்த மாதிரி இருக்கும். வடையும் சியாவும் இரண்டும் உள்ளே போனால் இரண்டின் கலோரியும் கணக்கில் சேரும்.

கேள்வி: நாங்கள் சைவம். மீனுக்குப் பதில் சியா போதுமா? (கும்பகோணம்)

முழு ஈடாகாது. மத்தி மீனில் இருப்பது உடல் நேரே எடுத்துக்கொள்ளும் ஒமேகா-3. சியாவில் இருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். அதில் ஒரு சிறு பங்கைத்தான் உடல் மீனில் உள்ள வகையாக மாற்றும். ஆனாலும் சைவர்களுக்கு நல்ல வழிதான். அதே கொழுப்பு ஆளி விதையில் இன்னும் அதிகம், விலையும் பெரும்பாலும் குறைவு. ஆளியைப் பொடித்தால்தான் பலன். முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியேறிவிடும்.

கேள்வி: “பால் வேண்டாம், சியா போதும்” என்கிறாள் மகள். “கேழ்வரகுக் கூழைக் குடி” என்கிறார் என் மாமியார். யார் பக்கம் நிற்பது? (தர்மபுரி)

மாமியார் பக்கம்! ஒரு மேசைக்கரண்டி சியாவில் சுமார் 75 மில்லிகிராம் கால்சியம். அரை டம்ளர் பாலைக்கூட எட்டாது. 100 கிராம் கேழ்வரகு மாவில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தோல் நீக்காத எள் அதையும் மிஞ்சும். மகளையும் விட்டுவிட வேண்டாம்: மோர் கரைத்த கூழில் ஊறிய சியாவை ஒரு கரண்டி கலந்து கொடுங்கள், இருவருமே ஜெயித்தார்கள்.

கேள்வி: சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். எடுக்கலாமா? (நாகர்கோவில்)

எடுக்கலாம், மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு. சியா மாத்திரையின் இடத்தைப் பிடிக்காது. அதை நம்பி ஒரு வேளை மாத்திரையைக்கூட நிறுத்தாதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், குடல் அறுவை செய்துகொண்டவர்களும் கட்டாயம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். எல்லோருமே ஒரு தேக்கரண்டியில் ஆரம்பியுங்கள். முதல் நாளே நாலு கரண்டி போட்டால் வயிறு உப்பி, மறுநாள் அந்தப் பொட்டலத்தையே பார்க்கப் பிடிக்காது.

கேள்வி: 74 வயது அப்பா, ஊற வைக்கப் பொறுமையில்லாமல் ஒரு கரண்டி சியாவை அப்படியே வாயில் கொட்டி, மேலே தண்ணீர் குடிக்கிறார். வெந்தயம் விழுங்குகிற மாதிரிதானே? (சென்னை வாசகி)

இல்லை அம்மா, இதை இன்றே நிறுத்துங்கள். சியா தன் எடையைப் போல் பத்து மடங்குக்கு மேல் தண்ணீரை உறிஞ்சும். உலர்ந்த விதையும் தண்ணீரும் தொண்டைக்குக் கீழே சந்தித்தால் அந்த வீக்கம் உணவுக்குழாயிலேயே நடந்துவிடும். அமெரிக்காவில் 39 வயதுக்காரர் ஒருவர் உங்கள் அப்பா செய்வதைத்தான் செய்தார்: ஒரு கரண்டி உலர்ந்த விதை, ஒரு டம்ளர் தண்ணீர். உணவுக்குழாய் அடைத்துக்கொண்டது. களிமண் போல் இறுகிய அந்தக் கூழை மருத்துவர்கள் குழாய்க் கருவி விட்டுத்தான் அகற்றினார்கள். 2014-இல் மருத்துவர் மாநாட்டில் எடுத்துச் சொல்லப்பட்ட சம்பவம் இது. அவருக்கு முன்பே விழுங்குவதில் அவ்வப்போது சிரமம் இருந்தது. அந்தச் சிரமம் வயதானவர்களுக்குச் சொல்லாமலே வந்து சேரும்.

அப்பாவுக்குப் பொறுமை வேண்டாம், உங்களுக்கு இருந்தால் போதும். இரவு படுக்கும் முன் ஒரு தேக்கரண்டி விதையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். ஐந்து நிமிடம் கழித்து, அடியில் கட்டி சேராமல் இன்னொரு முறை கலக்கி மூடிவிடுங்கள். காலையில் மோரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ கலந்து, நீங்களே கையில் கொடுங்கள். உலர்ந்த விதை டப்பா மட்டும் அவர் கைக்கு எட்டாத மேல் தட்டில் இருக்கட்டும்.