டீக்கடை ரெஃபரி

ஊருக்கு ஒரு தரவரிசைக்காரர் உண்டு. சில ஊரில் அவர் சிவாஜிக்கும் எம்.ஜி.ஆருக்கும் இடம் ஒதுக்குவார். சில ஊரில் கவாஸ்கருக்கும் டெண்டுல்கருக்கும். நார்த்தாமலைக்கு வாய்த்தவரோ உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன்களுக்கு இடம் ஒதுக்குகிறவர். அதற்கும் இந்த மண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். குத்துச்சண்டைப் பரம்பரையெல்லாம் வடசென்னையோடு சரி. இங்கே கையுறை என்றால் கல் உடைக்கிறவர் மாட்டுவது.

ஒரு குவாரியில் லாரிகளுக்கு நடைச்சீட்டு எழுதி ஓய்ந்தவர். வேட்டி துண்டோடு நிறுத்தாலும் ஐம்பது கிலோ தேறாது. ஆனால் ஜோ லூயிஸின் இடது கையைப் பற்றி ஆரம்பித்தாரானால், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் தானாகவே ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்.

இந்த ரகத்து ஆட்கள் எல்லோரிடமும் ஒரு தகுதிச் சான்று இருக்கும். இவருடையது மலேசியா. 1975 ஜூலை 1 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் முகமது அலி, ஜோ பக்னரோடு 15 ரவுண்டு ஆடிப் புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். அப்போது இவருடைய அண்ணன் அங்கே ரப்பர் தோட்டத்தில் இருந்தார். "நானே அன்னைக்கு அங்க இருந்திருக்க வேண்டியவன். பாஸ்போர்ட் வரல" என்பார். 1980-ல் அலி சென்னைக்கே வந்து ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டார். அதற்கும் இவர் போகவில்லை. அன்று குவாரியில் லோடு அதிகம். ஆக, இரண்டு சண்டைகளைப் பார்க்காத அனுபவம் இவருக்கு இருக்கிறது. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

பட்டியல் போடுவது பெஞ்சின் மேல்தான். டீ கிளாஸின் அடி ஈரத்தால் ஒரு வட்டம் பதிப்பார்: லூயிஸ். பக்கத்தில் இன்னொன்று: அலி. மூன்றாவதைப் பதிக்கும்முன் கிளாஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு அழுத்தி வைப்பார்: லாரி ஹோம்ஸ். இந்த மூன்றாவது வட்டத்துக்காகத்தான் முதல் இரண்டும். அலியை முதலிடத்தில் வைக்க ஆளா வேண்டும்? ஊரே வைக்கிறது. யாரும் பேர் கேட்டிராத ஒருவரை மூன்றாவதாக வைப்பதில்தான் நிபுணர் நிற்கிறார்.

ஹோம்ஸ் லேசுப்பட்ட ஆளில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1978-ல் கென் நார்ட்டனை வென்று பட்டம் வாங்கி, ஏழு வருஷம் வைத்திருந்தவர். இருபது தடவை காப்பாற்றியவர். தோல்வியே இல்லாமல் 48 சண்டை. இன்னும் ஒன்று ஜெயித்திருந்தால் ராக்கி மார்சியானோவின் 49-ஐத் தொட்டிருப்பார். 1985-ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸ் குறுக்கே வந்து கெடுத்தார். அதைச் சொல்லும்போது நம் ரெஃபரியின் குரல், பத்திரப்பதிவுக்கு முந்தின நாள் கைவிட்டுப் போன மனையைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும்.

சிக்கல் அவருடைய சட்டப் புத்தகத்தில்தான். மார்சியானோவை ஏன் இறக்கினீர்கள் என்றால், "யார அடிச்சாரு? 1951-ல 37 வயசு லூயிஸ அடிச்சாரு. கிழவன அடிக்கிறது கணக்குல வராது" என்பார். லூயிஸ் 25 தடவை பட்டத்தைக் காத்தாரே என்றால், "மாசத்துக்கு ஒரு சப்ப ஆளு" என்று ஆறு வட்டம் தள்ளி வைப்பார். மறுநாள் அவரே முதலிடத்தில் இருப்பார். 'சார்பட்டா பரம்பரை' பார்த்துவிட்டுக் குத்துச்சண்டைக்குள் வந்த இளவட்டம் ஒன்று போனில் எல்லாவற்றையும் தேடிவைத்துக்கொண்டு ஒருநாள் மடக்கியது.

"பெரியப்பா, 1988-ல டைசன் உங்க ஹோம்ஸ நாலாவது ரவுண்டுல படுக்க வச்சாரே?"

"அப்ப ஹோம்ஸுக்கு வயசு 38 தம்பி. அதெல்லாம் கணக்கா?"

"சரி. 1980 அக்டோபர்ல ஹோம்ஸ் அலிய அடிச்சப்ப அலிக்கு என்ன வயசு?"

பெஞ்சு முழுக்க அமைதி. அந்த வயதும் 38. பத்து ரவுண்டு வாங்கிய பிறகு அலியின் ஆட்களே சண்டையை நிறுத்தச் சொன்னார்கள்.

"டீ ஆறுது, குடி" என்றார்.

இவரைச் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்காக்காரன் இதே பஞ்சாயத்துக்கு 1969-லேயே கம்ப்யூட்டரைக் கூப்பிட்டான். ஓய்வு பெற்றுத் தொப்பை போட்ட மார்சியானோவை இளைக்க வைத்து, விக் மாட்டி, அலியோடு மோதவிட்டு ஒரு நிமிஷ ரவுண்டுகளாகச் சினிமா எடுத்தார்கள். படம் வெளிவருவதற்குள் மார்சியானோ விமான விபத்தில் போய்விட்டார். 1970 ஜனவரியில் அமெரிக்கக் கொட்டகைகளில் கம்ப்யூட்டர் தீர்ப்பு: 13-வது ரவுண்டில் மார்சியானோ. ஐரோப்பாவில் காட்டிய படத்திலோ அலி ஜெயித்தார். கம்ப்யூட்டரே ஊருக்கு ஒரு பேச்சுப் பேசும்போது நடைச்சீட்டு எழுதியவர் பேசக்கூடாதா?

எனக்கு வியப்பாக இருப்பது வேறொன்று. எங்கள் மேலமலையில் விஜயாலய சோழீச்சரம் இருக்கிறது. பேர் சோழன் பேர். கல்வெட்டோ, சாத்தன் பூதி என்பவர் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்து, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்கிறது. பெருமை கட்டினவருக்கா, இடிந்ததை நிமிர்த்தினவருக்கா, பேர் கொடுத்தவருக்கா? மார்சியானோ கேள்வியைவிட நல்ல கேள்வி. இதைக் கேட்டால் மட்டும் நம் ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பஸ் வர்ற நேரம்" என்று எழுந்துவிடுவார். கின்ஷாசாவிலும் மணிலாவிலும் அலி போட்ட சண்டைகளுக்குத் தீர்ப்பு எழுதினால் ஃபோர்மனோ ஃப்ரேசியரோ திருச்சி பஸ் பிடித்து வந்து சட்டையைப் பிடிக்கப் போவதில்லை. உள்ளூர்ப் பெருமை அப்படியில்லை. அதற்குச் சொந்தக்காரர்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள்.

இந்த மார்கழிக் கடைசியில் அந்தச் சொந்தக்காரர்களில் ஒருவரே பெஞ்சுக்கு வந்துவிட்டார். தச்சன்குறிச்சி ஜல்லிக்கட்டு வாடிவாசல் திறக்கப்போகிறது என்றால் இந்த மாவட்டத்தில் காளை வளர்க்கிறவர்களுக்குச் சோறு இறங்காது. அவர் காளையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அது டீக்கடைப் பந்தல் காலில் கொம்பை உரசிக்கொண்டிருந்தது.

"மாமா, உலகத்துக்கெல்லாம் நம்பர் போடுறீங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல நம்ம காளைக்கு எத்தனாவது எடம்? வாயத் தொறந்து சொல்லுங்க."

எதிர் பெஞ்சில் இன்னொரு காளைக்காரர் டீயை வாயருகே நிறுத்திக் காத்திருந்தார். ரெஃபரி கொம்பைப் பார்த்தார், எதிர் பெஞ்சைப் பார்த்தார்.

"சொல்லலாம் மாப்ள. ஆனா மாட்டுல வெயிட் கிளாஸ் பிரிக்கலயே."