அழகருக்கு மட்டும் ஓடும் ஆறு

மதுரையில் ஆற்றில் நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் கள்ளழகராகப் பிறந்திருக்க வேண்டும். சித்ரா பௌர்ணமிக்கு அவர் தங்கக் குதிரையில் இறங்குவார் என்று வைகை அணையைத் திறப்பார்கள். ஆகாயத்தாமரையை அவசர அவசரமாக வாரிக் கொட்டுவார்கள். சாமி மலைக்குத் திரும்பியதும் ஆறும் தன் வேலைக்குத் திரும்பிவிடும். செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி வாய்க்கால் கொண்டுவந்து தள்ளும் சாக்கடையைச் சுமக்கும் வேலை.

புராணக் கதையில் இதே ஆறு கரையை உடைத்துக்கொண்டபோதுதான், வீட்டுக்கொரு ஆள் வந்து கரையடைக்கப் பாண்டியன் ஆணையிட்டான். ஆளில்லாத வந்திக் கிழவிக்காகச் சொக்கநாதரே கூலியாளாக வந்தார். உதிர்ந்த பிட்டு மட்டுமே கூலி என்று பேச்சு. அன்று அவித்ததெல்லாம் உதிர்ந்தது. நம்மூர் டெண்டருக்கு அதுதான் முன்மாதிரி போலிருக்கிறது: ஒதுக்கிய பணமெல்லாம் உதிர்கிறது. ஒரு வித்தியாசம். வேலை செய்யாமல் தூங்கிய சொக்கநாதருக்குப் பிரம்படி கிடைத்தது. இன்று பில் பாஸாகும். அன்று விழுந்த அடி அரசன் முதுகிலும் உறைத்தது; இன்று எந்த அதிகாரி முதுகிலும் உறைப்பதில்லை.

2017இல் அணைநீர் ஆவியாகாமல் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டார் அன்றைய அமைச்சர் செல்லூர் ராஜூ. காற்று அன்றே அவற்றைக் கரையேற்றியது. ஊரே சிரித்தது. தினமும் ஆற்றில் கலக்கும் கழிவைப் பார்த்து மட்டும் யாருக்கும் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

ஸ்மார்ட் சிட்டி வந்தது. கரையோரம் கான்கிரீட் சுவர், சாலை. பிணத்துக்குப் பட்டு வேட்டி! கீழடியில் சுடுமண் குழாய்களைத் தோண்டியெடுத்து, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே நாகரிகம் கண்டவர்கள் என்று மார்தட்டுகிறோம். அந்த நாகரிகத்தின் வாரிசுகள்தான் குழாயை நேரே ஆற்றுக்குள் விடுகிறோம். பரிபாடலின் வைகையில் பூவும் சந்தனமும் மிதந்து வந்தன. நம் வைகையில் மானாமதுரைக்கும் பரமக்குடிக்கும் நாம் அனுப்பிவைப்பது என்ன? அந்த ஊர்க்காரர்கள் நமக்கு என்ன துரோகம் செய்தார்கள்?

ஆற்றைக் காப்போம் என்று அடுத்து யார் ஓட்டுக் கேட்டு வந்தாலும் மாலை வேண்டாம், ஆரத்தி வேண்டாம். ஒரே கேள்வி போதும்: எந்த வாய்க்காலின் கழிவு எந்தத் தேதியில் நிற்கும்? தேதி சொல்லாதவருக்கு ஓட்டு இல்லை.